பாக்கெட் மேப்பின் பின்பக்கம்

மார்ச் 4

மாப்பிள்ளைக்கு,

போன் எடுக்க மாட்டேங்கிறீங்க. பதினோரு தடவை அடிச்சாச்சு. சரி, லெட்டரையாவது பிரிப்பீங்களான்னு பார்க்கிறேன். எனக்கு எழுத்துத் தமிழெல்லாம் வராது. வாயில வர்றதை அப்படியே எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

அன்னைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல நான் பேசினது அதிகம்தான். "மீட்டரைப் பார்க்கத் தெரிஞ்ச மனுஷனுக்குப் பொண்டாட்டி மூஞ்சியைப் பார்க்கத் தெரியலையா?"ன்னு அத்தனை பேர் முன்னாடி கேட்டிருக்கக் கூடாது. கேட்டுட்டேன். என் தங்கச்சி காலையில கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போறா. யாருக்கோ கண் டெஸ்ட் பண்ணிக்கிட்டு இருக்கும்போதே கீழே விழுறா. சாயங்காலம் அவ இல்லைங்கிறாங்க. முப்பத்தோரு வயசு. தலைக்குள்ள ரத்தக்குழாய் வெடிச்சிடுச்சுன்னு டாக்டர் சொல்றார், என்னமோ டயர் வெடிச்ச மாதிரி. அதைக் கேட்டுக்கிட்டு ஒரு அண்ணன் வேற என்னத்தைப் பேசுவான்? இதை மன்னிப்புன்னு எடுத்துக்காதீங்க. கூடவே இருந்தவர் நீங்க. அந்தக் கேள்வி இன்னும் எனக்குள்ள அப்படியேதான் கிடக்கு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். மேப் பெட்டி.

அதுல பாதி என்னுது. சுரங்க ரயில் கவுன்ட்டர்ல சும்மா கொடுக்கிற பாக்கெட் மேப்புதானேன்னு நீங்க நினைக்கலாம். எனக்குப் பதினோரு வயசு, அவளுக்கு ஆறு. அப்போ ஆரம்பிச்சது. ஒவ்வொரு புது அச்சுக்கும் வரிசையில நின்னு வாங்குவோம். கடைசி மடிப்புல எறும்பு சைஸுல மாசம், வருஷம் போட்டிருப்பான், அதை வெச்சு அடுக்குவோம். நாங்க பிறக்கிறதுக்கு முன்னாடி வந்ததையெல்லாம் யார் யார் வீட்டுப் பரண்ல இருந்தோ தேடி எடுத்தோம். நான் இந்த ஊருக்கு டிரைவிங் ஸ்கூல் வேலைக்கு வந்தப்ப பெட்டி அவகிட்டயே இருக்கட்டும்னு விட்டுட்டு வந்தேன். எட்டு வருஷம் ஆச்சு.

முழுசா கேட்கலை. முதல்ல ஒண்ணே ஒண்ணு. ரெண்டு ஸ்டேஷன் பேர் இடம் மாறி அச்சான மேப் ஒண்ணு இருக்கும், பச்சை அட்டை. அதை நம்பி ரெண்டு பேரும் தப்பான ஸ்டேஷன்ல இறங்கித் தொலைஞ்சு போனோம். அன்னைக்கு அழுதது யாருங்கிறதுல எங்களுக்குள்ள இருபத்தஞ்சு வருஷமா கேஸ் நடக்குது. "மேப் பின்னாடி உண்மையை எழுதி வெச்சிட்டேன், நீ வரும்போது பார்த்துக்கோ"ன்னு போன வருஷம் சொன்னா. அங்கே என்ன எழுதியிருக்கான்னு காப்பி பண்ணி அனுப்புங்க. அது போதும்.

மச்சான்


மார்ச் 11

மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. போன் எடுக்காதது கோபத்தால் இல்லை. அன்று மதியம் லேபில் இருந்தேன். கடையிலிருந்து போன் வந்தது. அதன்பிறகு எந்த போன் அடித்தாலும் கை பாதி தூரம் போய் நின்றுவிடுகிறது.

நீங்கள் வராந்தாவில் கேட்ட கேள்வியை நான் மறக்கவில்லை. நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மேப்புகள் பத்திரமாக இருக்கின்றன. போன மாதம் ஒன்றை எடுத்து விரித்தேன், மடிப்பில் கிழிந்துவிட்டது. அவள் கையில் ஒன்றுகூடக் கிழிந்ததில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு லேபுக்குப் போனேன். வெப்பமானிகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பது எங்கள் வேலை. சான்றிதழ்களுக்குப் பிளாஸ்டிக் உறை போட நல்ல லேமினேஷன் மெஷின் ஒன்று இருக்கிறது. 118 டிகிரியில் வைத்தேன். மொத்தம் 214 மேப். காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்து மாலை நான்குக்கு முடித்தேன். ஒரு குமிழிகூட விழவில்லை. இனி தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது. உங்கள் பங்கு 107, எப்போது வேண்டுமானாலும் அனுப்புகிறேன்.

பின்பக்கத்தில் அவள் எழுதுவாள் என்று தெரியும். எழுதும்போது பார்த்திருக்கிறேன். படிக்கலாமா என்று ஒருமுறை கேட்டதற்கு, "இது அண்ணன் தங்கச்சி டிபார்ட்மென்ட். நீங்க போய் உங்க டிகிரியைப் பாருங்க" என்றாள். லேமினேட் செய்த அன்று எனக்கு அவள் கையெழுத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. எல்லாவற்றையும் பின்பக்கம் கீழே இருக்கும்படி வைத்துத்தான் உள்ளே விட்டேன்.

உங்களுக்காக அந்தப் பச்சை மேப்பைத் தேடித் திருப்பிப் பார்த்தேன். "உங்கள் குறிப்புக்கு" என்று அச்சிட்டு நான்கு கோடு போட்டிருக்கிறது. நான்கும் காலி. எழுதியதாக அவள் சொன்னது நிச்சயம்தானா?

மாப்பிள்ளை


மார்ச் 15

மாப்பிள்ளை,

லேமினேட்டா?

உங்க லெட்டரை டிரைவிங் ஸ்கூல் வாசல்ல நின்னு படிச்சேன். படிச்சிட்டு அங்கேயே படிக்கட்டுல உட்கார்ந்துட்டேன். பழைய மேப்புன்னா அதோட மடிப்பு, ஓரத்துல ஒட்டின அழுக்கு, அந்த மக்கின வாசனை, எல்லாம் சேர்ந்ததுதான் மேப். நீங்க அதை ஹோட்டல் மெனு கார்டு ஆக்கி வெச்சிருக்கீங்க! இருநூத்திப் பதினாலு மெனு கார்டு! படிச்ச மாப்பிள்ளைன்னு ஊரெல்லாம் பெருமை அடிச்சேனே.

சரி, அது போகட்டும். காலின்னா என்ன அர்த்தம்? அவ எழுதாத மேப்பே கிடையாது. ரெண்டு வருஷம் முன்னாடி வந்தப்ப அறுபது எழுபது நானே பார்த்தேன். எனக்குப் பழைய மேப்புல பேனா பட்டா ஆகாது. எட்டு வருஷம் முன்னாடி பெட்டியை விட்டுட்டுக் கிளம்பும்போதே "கையை உடைச்சிடுவேன்"னு அவகிட்ட சொல்லி வெச்சிருந்தேன். அதுக்கு அவ, "அவங்களே கோடு போட்டு எழுதுன்னு கொடுத்திருக்காங்க, நீ யாருடா அண்ணா தடுக்க?"ன்னா. ரெண்டு நாள் சண்டை. கடைசியில சமாதானம். அழிக்கிற பேனா ஒண்ணு வாங்கினா, வால்ல ரப்பர் மாதிரி இருக்கும், தேய்ச்சா எழுதினது போயிடும். "உனக்கு வேணாம்னா தேய்ச்சுக்கோ, மேப் புதுசு மாதிரி ஆயிடும்"னா. அந்தப் பேனாலதான் அத்தனையும் எழுதினா.

அதனால நல்லா வெளிச்சத்துல வெச்சுப் பாருங்க. மத்ததையும் திருப்பிப் பாருங்க. பார்த்துட்டு உடனே எழுதுங்க.

மச்சான்


மார்ச் 19

மச்சானுக்கு,

214-ஐயும் திருப்பிப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்தில், விளக்கு வெளிச்சத்தில், சாய்த்துப் பிடித்து. ஒன்றிலும் ஒரு எழுத்து இல்லை. சிலவற்றில் பேனா முனை அழுத்திய பள்ளம் மட்டும் விரலுக்குத் தெரிகிறது.

எழுதியிருக்கிறாள். பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் தேய்த்து அழித்திருக்கிறாள். வேறு எப்படியும் இதை என்னால் விளக்க முடியவில்லை.

ஒருவர் எட்டு வருடம் எழுதியதை ஏன் அழிப்பார்? தனக்கு என்ன ஆகப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்ததா? ஆபீசில் ராஜினாமா கொடுத்தவர்கள் மேசையைக் காலி செய்வது போலவா?

உங்களிடம் ஏதாவது சொன்னாளா மச்சான்? உடம்பைப் பற்றி, வலியைப் பற்றி, எதுவானாலும். நன்றாக யோசித்து எழுதுங்கள். நான் தூங்கவில்லை.

மாப்பிள்ளை


மார்ச் 24

மாப்பிள்ளை,

என்கிட்ட ஒண்ணும் சொல்லலை.

ஆனா அவ அழிச்சிருக்க மாட்டா. அவ வேணும்னா என்னை அழிப்பா, மேப்பை அழிக்க மாட்டா. கண்டபடி யோசிக்காதீங்க. எங்கேயோ ஏதோ கோளாறு. அந்தப் பேனாவே ஒரு ஏமாத்துப் பேனா. எனக்கும் ஒண்ணு வாங்கிக் கொடுத்தா. அதுல வகுப்பு ரெஜிஸ்டர் எழுதினேன், யார் எத்தனை நாள் வண்டி ஓட்டினாங்கன்னு. கோடை காலத்துல ஒரு நாள் ரெஜிஸ்டரைத் திறந்தபடியே டாஷ்போர்டுல வெச்சிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தா அந்தப் பக்கம் வெள்ளை வெளேர்னு இருக்கு. முதலாளி என்னைப் பார்த்த பார்வை இருக்கே! இருபது பேர் ஒரு நாள்கூட வண்டி தொடாதவங்க ஆயிட்டாங்க. அதுல ஒருத்தர் இப்பவும் எனக்கு இன்னும் எட்டு வகுப்பு பாக்கிங்கிறார்.

மட்டமான மைன்னு திட்டிட்டு பால்பாயின்ட்டுக்கு மாறிட்டேன். மேப்புலயும் அப்படித்தான் மங்கிப் போயிருக்கும். பெட்டியை எங்கேயாவது வெயில்ல வெச்சீங்களா?

சாப்பிடுங்க. தூங்குங்க. 

மச்சான்


மார்ச் 28

மச்சானுக்கு,

உங்கள் ரெஜிஸ்டர் கதையை நான்கு தடவை படித்தேன். பிறகு அவள் மேசையிலிருந்து அந்தப் பேனாவை எடுத்துக்கொண்டு லேபுக்குப் போனேன்.

பத்துத் துண்டுத் தாளில் ஒவ்வொரு கோடு போட்டு ஒவ்வொன்றாகச் சூடாக்கினேன். 40-இல் ஒன்றும் ஆகவில்லை. 50-இல் ஒன்றும் ஆகவில்லை. 58-இல் லேசாக வெளிறியது. 62-இல் கண்ணெதிரே காணாமல் போனது. கருகவில்லை, பரவவில்லை. யாரோ விளக்கை அணைத்ததுபோல் போய்விட்டது. பத்தையும் சோதித்தேன். பத்தும் அப்படியே.

அந்தப் பேனாவின் வாலில் இருப்பது அழிரப்பர் இல்லை. தேய்க்கும்போது சூடு உண்டாகிறது. சூட்டில் மை நிறத்தை இழக்கிறது. அவ்வளவுதான் அதன் வித்தை.

நான் வைத்தது 118.

அவள் எதையும் அழிக்கவில்லை. நான்தான் அழித்தேன். ஒவ்வொன்றாக, 214 தடவை, குமிழி விழாமல் பார்த்துக்கொண்டு. ஒன்பது வருடமாகச் சூட்டை அளப்பதுதான் என் பிழைப்பு. ஒரே ஒரு மேப்பை, ஒரே ஒரு தடவை, திருப்பிப் பார்த்திருந்தால் முதல் மேப்போடு நின்றிருக்கும். பார்க்கப் பயந்தேன்.

பேனாவை அவள் மேசையில் திருப்பி வைத்துவிட்டேன். மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 2

படிச்சேன்.

நான் எழுதப் போறதில்லை. நீங்களும் இனிமே எழுதாதீங்க.


ஏப்ரல் 9

மச்சானுக்கு,

எழுதாதீர்கள் என்றீர்கள். இதை எழுதாமல் இருக்க முடியாது. தயவுசெய்து கிழித்துப் போடாமல் கடைசி வரை படியுங்கள்.

நிறம்தான் போனது, மை போகவில்லை. இது எனக்கு உறைக்க ஒரு வாரம் ஆனது. லேபில் மைனஸ் முப்பது வரை இறங்கும் குளிர்ப்பெட்டி இருக்கிறது. அந்த வெற்றுத் துண்டுத் தாள்களை அதில் வைத்தேன். மைனஸ் பத்தில் நிழல் மாதிரி ஏதோ தெரிந்தது. மைனஸ் பதினெட்டில் பத்துக் கோடும் வந்துவிட்டன. வெளியே எடுத்து மேசையில் வைத்தேன். சாதாரண அறைச் சூட்டிலும் போகவில்லை, அப்படியே நிற்கிறது.

பிறகு உங்கள் பச்சை மேப்பை வைத்தேன். பெட்டியின் கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. நெற்றியை அதில் ஒட்டவைத்து நின்றுகொண்டிருந்தேன். இருபது நிமிடத்தில் அவள் கையெழுத்து மேலே வந்தது மச்சான். முதலில் சுழிகள், பிறகு கால்கள், பிறகு முழு எழுத்து. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

நீங்கள் கேட்டது இதோ: "இரண்டு ஸ்டேஷன் பெயர் மாறிய மேப். இதை நம்பி இறங்கித் தொலைந்து போனோம். அண்ணன் அழுதான். நான் அழவில்லை."

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வரிகளுக்கு அடியில் வேறு வரிகள் இருக்கின்றன. அவள் முதலில் எழுதி, பிறகு வாலால் தேய்த்து அழித்தவை. அவையும் சூட்டால்தானே அழிந்தன? எது நான் அழித்தது, எது அவள் அழித்தது என்று குளிருக்குத் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துக் கொண்டுவந்துவிட்டது. லென்ஸ் வைத்துப் படித்தேன். பச்சை மேப்பில் அவள் முதலில் எழுதியிருந்தது: "இரண்டு பேரும் அழுதோம். முதலில் நான்."

கடைசி வருடத்தை இறுதிக்கு வைத்துவிட்டு, ஒரு நாளைக்கு முப்பது என்று செய்கிறேன். நேற்று வரை 90. பெரும்பாலும் எழுத்துப் பிழையைத்தான் தேய்த்திருக்கிறாள். சிலது வேறு மாதிரி. நீங்கள் ஊரை விட்டுப் போன மாதத்து மேப்பில் மேலே, "அண்ணனுக்கு நல்ல வேலை கிடைத்தது." அடியில், "இவன் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கப் போகிறானாம், அந்த ஊர் ஜனங்களை யார் காப்பாற்றுவது?" என்னை முதலில் சந்தித்த நாளில் மேலே, "நல்லவராகத் தெரிகிறார்." அடியில், "ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு வாக்கியம் பேசினார். வெயில் முப்பத்தெட்டு டிகிரி என்று."

சிரித்தேன். அவள் போனபிறகு முதல் தடவை.

மாப்பிள்ளை


ஏப்ரல் 13

மாப்பிள்ளை,

"முதலில் நான்"! ஜெயிச்சிட்டேன்! இருபத்தஞ்சு வருஷக் கேஸ்! லெட்டரைக் கையில வெச்சுக்கிட்டு நடு ரோட்டுல சத்தம் போட்டுச் சிரிச்சேன், என்கிட்ட வண்டி கத்துக்கிற ஆளு பயந்து ஹேண்ட்பிரேக்கைப் போட்டுட்டார். அவகிட்ட போன் பண்ணிச் சொல்லணும்னு கை பாக்கெட்டுக்கே போயிடுச்சு. அப்புறம்தான்.

மெனு கார்டுன்னு திட்டினதுக்கும், எழுதாதீங்கன்னு சொன்னதுக்கும் ரெண்டுக்கும் சேர்த்து மன்னிச்சிடுங்க.

இப்ப நான் சொல்றதைக் கேளுங்க. பழசு எல்லாம் பண்ணுங்க, அதோட நிறுத்திடுங்க. கடைசி வருஷத்து மேப்பை மட்டும் குளிர்ல வைக்காதீங்க. அவ அழிச்சது அவ இஷ்டம். நாம தோண்டிப் பார்க்கக் கூடாது.

இப்படி எழுதிட்டு அரை மணி நேரம் இந்தப் பேப்பரையே பார்த்துக்கிட்டு இருக்கேன். நான் எதுக்கு இதைச் சொல்றேன்னு நீங்க கண்டுபிடிச்சிடுவீங்க. அதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன்.

மார்ச்ல நீங்க கேட்டீங்க, உங்ககிட்ட ஏதாவது சொன்னாளான்னு. ஒண்ணும் சொல்லலைன்னு எழுதினேன். பொய்.

டிசம்பர் மாசம் போன் பண்ணினா. நான் வண்டியில இருந்தேன், பக்கத்துல ஒரு அம்மா ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ரவுண்டானாவுல நிக்கிறாங்க, பின்னாடி எல்லாரும் ஹாரன் அடிக்கிறாங்க. "அண்ணா, பின்மண்டை நாலு நாளா விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுடா"ன்னா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கண்ணாடிக் கடைக்காரிக்கே கண்ணாடியா? உன் முதலாளிகிட்டயே கேளு"ன்னு சிரிச்சேன். அவளும் சிரிச்சா. ஒரு நிமிஷம் பேசியிருப்போம். வெச்சிட்டேன். மறுபடி கேட்கவே இல்லை. மறந்தே போயிட்டேன் மாப்பிள்ளை, ஜனவரி ஒன்பதாம் தேதி அவ விழுந்த நாள் வரைக்கும்.

பக்கத்துல உட்கார்ந்து சரியான நேரத்துல பிரேக் அடிக்கிறதுதான் என் வேலை. அதுக்குத்தான் என் கால்கிட்டயும் ஒரு பிரேக் வெச்சிருக்காங்க.

ஆஸ்பத்திரி வராந்தாவுல நான் கத்தினப்ப நீங்க திருப்பி, "உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அங்கேயே விழுந்திருப்பேன். அதை நீங்க கேட்டுடக் கூடாதேன்னுதான் அவ்வளவு சத்தம் போட்டேன்.

அவ அதை எழுதியிருப்பா. எழுதிட்டு, அண்ணன் பார்த்தா வருத்தப்படுவான்னு அழிச்சிருப்பா. அவளைத் தெரியாதா எனக்கு? வேண்டாம், அதை எடுக்காதீங்க.

மச்சான்


ஏப்ரல் 17

மச்சானுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது 214-உம் முடிந்துவிட்டது. கடைசி மேப்பை இரண்டு நாள் முன்பே குளிரில் வைத்துவிட்டேன். உங்களிடம் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் இருந்தேன். நீங்களே சொல்லிவிட்டதால் இப்போது எழுதுகிறேன்.

டிசம்பரில் வந்த அச்சு. மேலே இருப்பது: "புது மேப். ஆறாவது லைன் திறந்தாச்சு. ஞாயிற்றுக்கிழமை இவரோடு கடைசி ஸ்டேஷன் வரை போய்வர வேண்டும்."

அடியில் இருப்பது: "நாலு நாளாகத் தலைவலி, பின்மண்டையில். அண்ணனிடம் சொன்னேன், கண்ணாடிக் கடைக்காரிக்கே கண்ணாடியா என்றான். இவரிடம் சொன்னேன், தெர்மாமீட்டர் வைத்தார். 36.8. நார்மல் என்றார். இரண்டு பேரிடமும் சொல்லியாச்சு. ஒன்றும் இல்லை போல."

படித்ததும் எனக்கு அந்த மாலை ஞாபகம் வந்தது. படிக்கும்வரை வரவில்லை, அதுதான் பயங்கரம். சோபாவில் உட்கார்ந்திருந்தாள். தலை வலிக்கிறது என்றாள். நான் எழுந்து போய் தெர்மாமீட்டர் எடுத்துவந்தேன். எண்ணைப் பார்த்தேன். சொன்னேன். கழுவி உறையில் போட்டு வைத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததாக ஞாபகம் இல்லை. வராந்தாவில் நீங்கள் கேட்டது சரியான கேள்விதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனோம். புது ரயில், கூட்டமே இல்லை. திரும்பி வரும்போது முழு வழியும் என் தோளில் தலை வைத்துத் தூங்கினாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நேற்று அந்தத் தெர்மாமீட்டரை லேபுக்கு எடுத்துப் போனேன். வெந்நீர்த் தொட்டியில், நம்பகமான வெப்பமானியின் பக்கத்தில் வைத்துச் சோதித்தேன். பிழை இருக்கும் என்று நினைத்தேன். இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். 35-இல் 35 காட்டியது. 37-இல் 37. 39-இல் 39. மூன்று தடவை திரும்பச் செய்தேன். ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை.

அந்த மேப்பை மறுபடி ஒரு தடவை 62-க்குக் கொண்டுபோனால் அடியில் இருப்பது போய்விடும். மேலே இருப்பதும் போய்விடும். ஒன்றை மட்டும் அழிக்க வழியில்லை. என்ன செய்யட்டும் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதைச் செய்கிறேன்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 21

மாப்பிள்ளை,

அதை ஒண்ணும் பண்ணாதீங்க. அப்படியே வைங்க. அவ கையெழுத்துல என் தப்பு இருந்துட்டுப் போகட்டும்.

உங்க லெட்டரைத் தேடித் தேடிப் பார்த்தேன். எங்கேயாவது, "உன்கிட்டயும்தானேடா சொன்னா, நீ என்ன யோக்கியமா?"ன்னு ஒரு வரி இருக்கும்னு. இல்லை. அத்தனை பேர் முன்னாடி உங்களை அவ்வளவு கேவலப்படுத்தினேன், நீங்க 107 மேப் தர்றேங்கிறீங்க. நான் பொய் சொன்னேன், அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. "நீங்கள் கேட்டது சரியான கேள்விதான்"கிறீங்க. என்ன மனுஷன்யா நீங்க? ஒருத்தன் அடி வாங்கத் தயாரா முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறான், நீங்க போய் தெர்மாமீட்டரை டெஸ்ட் பண்ணிட்டு இருக்கீங்க!

சனிக்கிழமை காலை பஸ்ஸுல வர்றேன். வந்ததும் என்னை நல்லா நாலு திட்டு திட்டுங்க. வாசல்லயே நிக்க வெச்சுத் திட்டுங்க, அக்கம்பக்கம் கேட்டாலும் பரவாயில்லை. உங்களுக்குத் திட்ட வராதுன்னு தெரியும். முயற்சியாவது பண்ணுங்க. என்னால இப்படி இருக்க முடியலை.

மச்சான்


ஏப்ரல் 24

மச்சான்,

முயற்சி பண்ணினேன். நேர்ல வந்தா எனக்கு வாய் வராது, அதனால இப்பவே எழுதிடுறேன். நீங்க கிளம்புறதுக்குள்ள கிடைக்கணும்.

நீங்க சிரிச்சதுக்கு எனக்குக் கோபம் இல்லை. நீங்க சிரிக்க வைப்பீங்கன்னுதான் அவ உங்களுக்கு போன் பண்ணுவா. எனக்குக் கோபம் வேற. அன்னைக்கு வண்டியை ஓரங்கட்டிட்டு ஏன் எனக்கு ஒரு போன் பண்ணலை? "மாப்பிள்ளை, அவ தலை வலிக்குதுங்கிறா, என்னன்னு பாருங்க"ன்னு ஒரே ஒரு வரி. அது என் காதுல விழுந்திருந்தா, அட, என்கிட்டயும் சொன்னாளேன்னு யோசிச்சிருப்பேன். அவ தலைவலியை யார்கிட்டயும் சொல்ற ஆளே இல்லை. கதவுல விரல் நசுங்கினப்பகூட மூணு நாள் கழிச்சு நகம் கறுத்ததைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிஞ்சது. அப்படிப்பட்டவ ரெண்டு பேர்கிட்ட, நாலு நாளைக்குள்ள, ஒரே இடத்துல வலின்னு சொல்லியிருக்கா. ஒரு மீட்டர் காட்டினா சந்தேகப்படு, ரெண்டு மீட்டர் ஒண்ணையே காட்டினா நம்பு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குச் சொல்லிக் கொடுத்தது அது. அவ ரெண்டு மீட்டர்லயும் காட்டியிருக்கா. ரெண்டு மீட்டரும் ஒண்ணுகிட்ட ஒண்ணு பேசிக்கலை.

போயிருந்தா பிழைச்சிருப்பாளான்னு நேத்து டாக்டர்கிட்டப் போய்க் கேட்டேன். சொல்ல முடியாதுன்னார். அந்தச் சொல்ல முடியாதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுறது மச்சான்? ஏன் போன் பண்ணலை? ஏன் பண்ணலை நீங்க? அஞ்சு வருஷமா ரெண்டு பேரும் அவ மூலமாத்தான் பேசிக்கிட்டோம். "மச்சான் எப்படி இருக்கார்", "மாப்பிள்ளை எப்படி இருக்கார்"னு அவகிட்டயே கேட்டுக்கிட்டோம். நேரா பேசிக்க நமக்கு என்ன கேடு?

நானும்தான் பண்ணலை. அதுக்கு நீங்க என்னைத் திட்டணும். வராந்தாவுல கேட்டது பத்தாது, இதைக் கேளுங்க.

எழுதி முடிச்சுப் பார்த்தா சட்டையெல்லாம் ஈரம். 

சனிக்கிழமை எந்த பஸ்? நிலையத்துக்கு வந்து நிக்கிறேன்.